ஹார்னெட்டின் ‘பழைய வயலின்’ ஏமாற்றுகிறது. என் வீணை ஏன் ஏமாற்றவில்லை?

குடமுருட்டிக்கரை:

வணக்கம். திருவையாற்றுக்கு அருகே குடமுருட்டியின் கரையில் உள்ள ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். பணி ஓய்வுக்குப் பின் ஆறு ஆண்டுகளாக எண்ணெய் வண்ண ஓவியம் பழகி வருகிறேன். ஓர் ஓவியத்தைப் பார்த்து, அதைப்போலவே செய்ய முயன்று தோற்ற கதையைச் சொல்லி விளக்கம் கேட்கவே இதை எழுதுகிறேன்.

வில்லியம் மைக்கேல் ஹார்னெட் என்ற அமெரிக்க ஓவியர் 1886இல் வரைந்த ‘பழைய வயலின்’ இப்போது வாஷிங்டனில் உள்ள தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. பச்சை வண்ணம் பூசிய ஒரு பழைய மரக்கதவு, அதில் துருவேறிய இரும்புக் கீல்கள், கதவில் தொங்கும் வயலினும் வில்லும், வயலினுக்குப் பின்னால் ஓரம் சுருண்டு கிழிந்த இசைத்தாள், ஒட்டிய செய்தித்தாள் துணுக்கு, கீழே ஒரு கடித உறை. இவ்வளவுதான் அந்தப் படம். வில்லில் தேய்க்கும் ரோசின் என்ற பிசின், தந்திகளுக்கு அடியில் பொடியாக உதிர்ந்து படிந்திருப்பதைக்கூட அவர் விடவில்லை. அதே ஆண்டில் சின்சினாட்டி நகரத்துத் தொழிற் கண்காட்சியில் அது வைக்கப்பட்டபோது, வயலினைத் தொட்டுப் பார்க்கவும் துணுக்கைப் பெயர்த்துப் பார்க்கவும் மக்கள் கை நீட்டியதால், பக்கத்தில் ஒரு காவலரை நிறுத்த வேண்டியிருந்தது.

இதைப் படித்த ஊக்கத்தில், எங்கள் கூடத்தின் மூலையில் சுவரில் சாய்த்து வைத்திருக்கும் அத்தையின் வீணையை, அதே சுவரின் வண்ணத்தைப் பின்புலமாக வைத்து, முழு அளவில் வரைந்தேன். நான்கு மாதம் உழைத்தேன். இருபத்து நான்கு மெட்டுகளையும், அவற்றைத் தாங்கும் கறுத்த மெழுகையும், அந்த மெழுகில் பதிந்திருந்த அத்தையின் விரல் நகக் கோட்டையும், யாளி முகத்தில் வண்ணம் உரிந்த இடத்தையும் ஒன்றுவிடாமல் எழுதினேன். வருகிற ஒவ்வொருவரும் தத்ரூபமாக இருக்கிறது என்று பாராட்டுகிறார்கள். தத்ரூபம் என்று ஒருவர் சொன்னால் அவர் ஏமாறவில்லை என்றுதானே பொருள்? ஒருவர்கூட, ஒரு கணம்கூட, அதை வீணை என்று எண்ணவில்லை. பயிற்சி போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குறை அது மட்டும்தானா என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

அரசலாறு:

ஐயா, வணக்கம். கும்பகோணத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தாங்கள் இணைத்திருந்த புகைப்படத்தைப் பார்த்தேன். கை வேலையில் பெரிய குறை இல்லை. பொருளைத் தேர்ந்ததில்தான் பிழை.

வீணையின் குடம் சுவரிலிருந்து எவ்வளவு முன்னால் வருகிறது என்று ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். முக்கால் அடியாவது வரும், சாய்த்து வைத்திருப்பதால் அடிப்பகுதி இன்னும் தள்ளியே நிற்கும். ஹார்னெட்டின் வயலினோ கதவை ஒட்டிக்கிடக்கிறது. கதவுப் பலகையிலிருந்து, தந்திகளைத் தாங்கும் ‘குதிரை’ என்ற மரத்துண்டின் உச்சிவரை கணக்கிட்டாலும் அரைச் சாணைத் தாண்டாது. இந்த வேறுபாட்டில்தான் எல்லாம் இருக்கிறது. நம் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால், அருகில் உள்ள ஒரு பொருளை ஒவ்வொரு கண்ணும் சற்றே வேறு கோணத்தில் காண்கிறது. அந்த இரு காட்சிகளையும் ஒப்பிட்டுத்தான் மூளை ஆழத்தை அறிகிறது. உண்மையான வீணைக்கு முன்னால் தலையைச் சிறிது அசைத்தால் குடத்தின் விளிம்பு பின்சுவரில் ஒரு பகுதியை மறைத்து வேறொரு பகுதியைக் காட்டும். துணியில் வரைந்த வீணை அப்படிச் செய்யாது. நான்கு மாதம் வரைந்த மெட்டுகளைக் கண் பார்ப்பதற்கு முன்பே, இது தட்டை என்று இரு கண்களும் தமக்குள் பேசி முடித்துவிடுகின்றன. ஐயம் இருந்தால் கூடத்தின் மறுகோடியில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை அசைக்காமல் அந்தப் படத்தைப் பாருங்கள். சில நொடிகள் வீணை எழுந்து நிற்கும்.

ஆழம் குறைந்த பொருளில் இந்தச் சாட்சிகள் இரண்டும் ஏறக்குறைய ஊமையாகிவிடுகின்றன. காகிதம், கடித உறை, சாவி, கிழிந்த இசைத்தாள் ஆகியவற்றில் உண்மைக்கும் ஓவியத்துக்கும் உள்ள வேறுபாடு விரற்கடைக் கணக்குதான். இவ்வகை ஓவியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் கதவையும் பலகையையும் கடிதச் செருகியையும் விட்டு நகராததற்குக் காரணம் அதுவே. டென்மார்க் அரசவையில் பணியாற்றிய கைஸ்பிரெக்ட்ஸ் என்ற பிளெமிஷ் ஓவியர் 1670 வாக்கில், சட்டமிட்ட ஓர் ஓவியத்தின் முதுகுப்புறத்தையே ஓவியமாக எழுதினார். மரச்சட்டம், ஆணிகள், துணியின் பின்பக்கம், ஓர் எண் எழுதிய சீட்டு, அவ்வளவுதான். சுவரில் சாய்த்து வைத்தால் யாரும் திருப்பிப் பார்க்கவே விரும்புவர். ஆழம் ஏறக்குறைய இல்லாத பொருளைத் தேடிய ஹார்னெட் 1877இல் ஓர் ஐந்து டாலர் தாளையும் எழுதினார். 1886இல் அமெரிக்க ரகசியப் புலனாய்வினர், இது கள்ளநோட்டுச் சட்டத்துக்குள் வரும் என்று எச்சரித்ததோடு பணத்தாள் வரைவதை அவர் விட்டுவிட்டார்.

பேராழத்தைக் காட்டி ஏமாற்றியவர்களும் உண்டு, ஆனால் அவர்களுக்குத் தொலைவு துணை நின்றது. ரோமாபுரியின் புனித இக்னேசியஸ் தேவாலய விதானத்தில் ஆந்திரேயா போட்சோ 1694இல் முடித்த ஓவியத்தில் தூண்கள் வானத்துக்குள் ஏறுகின்றன. அதைப் பார்க்கத் தரையில் ஒரு பளிங்கு வட்டம் பதித்திருக்கிறார்கள். வட்டத்தை விட்டு நகர்ந்தால் தூண்கள் சாயத் தொடங்கும். தங்கள் கூடத்தில் விருந்தினரை எல்லாம் ஒரே இடத்தில் நிறுத்தி வைக்க முடியாது.

ஹார்னெட்டின் பின்னணியையும் சொல்ல வேண்டும். 1848இல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் கிளோனகில்டி என்ற ஊரில் பிறந்து, குழந்தையாகவே பிலடெல்பியாவுக்கு வந்தவர். இளமையில் வெள்ளிக் கரண்டிகளிலும் பாத்திரங்களிலும் பூவேலையும் எழுத்தும் வெட்டிப் பிழைத்தார். கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளில் சீர்வரிசைக் குடங்களுக்குப் பெயர் வெட்டுபவரின் அருகில் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். உளி சென்ற கோட்டின் ஒரு கரை பளிச்சிடும், மறுகரை கறுக்கும். பள்ளம் ஒரு மயிரிழைதான், ஆனால் ஒளியும் நிழலும் அதை ஆழமாக்கிக் காட்டும். மயிரிழை ஆழத்தை நிழலால் பெருக்கிக் காட்டும் இந்தக் கணக்கை ஹார்னெட் தூரிகை பிடிப்பதற்கு முன்பே கையில் படித்திருந்தார் என்பது என் கருத்து.

வெண்ணாற்றங்கரை:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் தஞ்சாவூர் ஓவியம் செய்பவள். தொழில்நுட்ப விளக்கம் நன்றாக இருக்கிறது, ஆனால் அடிப்படைக் கேள்வியை இருவரும் தொடவே இல்லை என்று படுகிறது. பார்ப்பவரை ஏமாற்றுவது எதற்காக?

நாங்கள் பலாப் பலகையில் துணி ஒட்டி, சுக்கான் மாவும் பசையும் கலந்து மக்கு வைத்து, கிருஷ்ணனின் ஆரத்தையும் தூணையும் உண்மையாகவே உயர்த்துகிறோம். அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டுகிறோம். விரலால் தடவினால் மேடு தெரியும். அந்த மேடு யாரையும் ஏமாற்றுவதற்காக வைத்ததன்று, விளக்கொளியில் பொன் மின்னுவதற்காக வைத்தது. மேடே இல்லாத இடத்தில் மேடு இருப்பதாகக் காட்டி, தொட்ட பிறகு அசடு வழியச் செய்வது வித்தையாக இருக்கலாம். தெருக்கோடியில் செப்படி வித்தைக்காரரும் அதைத்தானே செய்கிறார்? ஒருமுறை ஏமாந்தவர் அந்தப் படத்தை மறுமுறை ஏன் பார்க்க வேண்டும்?

அரசலாறு:

அம்மா, தாங்கள் கேட்டது ஹார்னெட்டின் காலத்திலேயே எழுந்த குற்றச்சாட்டுதான். திறனாய்வாளர்கள் பலர் இதை வெறும் கைத்திறன் என்று ஒதுக்கினார்கள். வாங்கியவர்கள் பெரும்பாலும் வணிகர்கள். அவருடைய மிகப் பெரிய படமான ‘வேட்டைக்குப் பின்’, 1885இல் பாரிஸ் சலோன் என்ற ஓவியக் கண்காட்சியில் காட்டப்பட்டுத் திரும்பிய பிறகு, நியூயார்க்கில் தியோடர் ஸ்டூவர்ட் என்பவரின் மதுக்கடையில்தான் தொங்கியது. ஆறடி உயரம். கதவில் துப்பாக்கியும் கொம்பும் தொப்பியும் வேட்டையாடிய முயலும் பறவைகளும் தொங்கும். இப்போது அது சான்பிரான்சிஸ்கோவின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆயினும் வெறும் நகல் என்பதை நான் ஏற்கவில்லை. இயற்கையை அப்படியே பின்பற்றுவதில்லை, பலவற்றை விடுகிறேன், பலவற்றைச் சேர்க்கிறேன் என்று ஹார்னெட்டே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். ‘பழைய வயலின்’ படத்திலேயே அதற்குச் சான்று உண்டு. அந்தச் செய்தித்தாள் துணுக்கைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியாது, எழுத்துகளைப் போன்ற கறுப்புத் தீற்றல்களே இருக்கும். துணுக்கைப் பெயர்க்க முயன்றவர்கள் படிக்கப்போய்ப் பெயர்க்கவில்லை; அது செய்தித்தாள் என்ற முடிவுக்கு முன்பே வந்துவிட்டார்கள். அதே படத்தில் இசைத்தாளின் சுரக்குறிகளைத் தெளிவாக எழுதியிருக்கிறார், ஏனெனில் அங்கே கண் நின்று தேடும். எங்கே நின்று எழுதுவது, எங்கே தீற்றிவிட்டுப் போவது என்று அறிவது செப்படி வித்தையன்று.

மறுமுறை ஏன் பார்க்க வேண்டும் என்றீர்கள். நான் பார்ப்பதற்குக் காரணம் அந்தப் பொருள்களின் வயதுதான். வாசிப்பவர் போய்விட்டார், பொடி மட்டும் படிந்திருக்கிறது. ஏமாறுவது ஒரு நொடி. இது அதற்குப் பிறகும் இருக்கிறது. தங்கள் பொன்வேலையில் காலம் என்பதே இல்லை. அது அதன் பெருமை. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டியதில்லை.

காரைக்கால்_முகத்துவாரம்:

ஒரு சொல் விளக்கமும் ஒரு குறிப்பும். இவ்வகை ஓவியத்தைப் பிரெஞ்சில் ‘த்ரோம்ப் லுய்’ என்பார்கள். ‘கண்ணை ஏமாற்றுவது’ என்பதே நேர்ப்பொருள். வித்தை கிரேக்கர் காலத்தது என்றாலும் இந்தப் பெயர் பிந்தியது. லூயி லெயோபோல் புவாயி என்ற ஓவியர் 1800இல் பாரிஸ் சலோனில் வைத்த தம் படத்துக்கு இப்பெயரைச் சூட்டிய பிறகே வழக்கில் ஊன்றியது.

குறிப்பு இது. நான் பன்னிரண்டு ஆண்டுகளாக வயலின் பயில்கிறேன். பாலுசுவாமி தீட்சிதர் காலம் தொட்டு இந்தக் கருவி நம் ஊர்களில் இருந்தும், அதைக் கதவில் மாட்டி வைத்த வீட்டை நான் கண்டதில்லை. பெட்டியில் வைத்து, கட்டிலுக்கடியிலோ பரண்மேலோதான் வைப்போம்; இந்த ஈரக்காற்றில் வெளியே தொங்கவிட்டால் ஒட்டு விட்டுப்போகும். ஆகவே ஹார்னெட்டின் வயலினை அப்படியே ஒரு தஞ்சாவூர்க் கூடத்தில் மாட்டினால், இது ஏன் இங்கே தொங்குகிறது என்ற கேள்வி எழும். கேள்வி எழுந்தால் உற்றுப் பார்ப்பார்கள். உற்றுப் பார்த்தால் வெளிப்பட்டுவிடும். ஆசிரியர் ஐயா சொன்ன ஆழத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சுவரில் வழக்கமாக என்ன தொங்குமோ அதை வரைந்தால்தான் யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள்.

மாதிரிக்கு ஜான் பிரெடரிக் பீட்டோவின் கடிதச் செருகிப் படங்களையும் பாருங்கள். ஹார்னெட்டுக்குப் பிலடெல்பியாவில் அறிமுகமானவர். 1907இல் பேர் அறியப்படாமலே இறந்தார். அவருடைய படங்கள் பலவற்றில் ஹார்னெட்டின் கையொப்பத்தைப் பொய்யாக இட்டு விற்றிருந்தார்கள். ஆல்பிரட் பிராங்கன்ஸ்டைன் என்ற திறனாய்வாளர் 1940களின் பிற்பகுதியில்தான் அதை வெளிக்கொணர்ந்தார். கண்ணை ஏமாற்றும் ஓவியங்களில் கையொப்பமும் ஏமாற்றியிருக்கிறது! விளிம்புகள் மங்கி, ஒளி மாவு பூசியதுபோல இருந்தால் பெரும்பாலும் பீட்டோ. மரம் மரமாகவும் இரும்பு இரும்பாகவும் தனித்தனியே தெரிந்தால் ஹார்னெட்.

குடமுருட்டிக்கரை:

அனைவருக்கும் நன்றி. இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். வீணைப் படத்தைச் சாதாரண ஓவியமாகவே சட்டமிட்டு மாட்டிவிட்டேன், அத்தை மகிழ்ந்தார்.

எங்கள் சுவரில் வழக்கமாக என்ன தொங்குகிறது என்று வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். முதலில் வாசல் நிலையில் கட்டியிருக்கும் நெற்கதிர்க் கொத்துதான் மனத்தில் வந்தது. கிரேக்க ஓவியர் சியூக்சிஸின் திராட்சைக்குப் பறவை வந்ததுபோல என் கதிருக்குச் சிட்டுக்குருவி வருமென்று ஓர் ஆசை. ஆனால் கொத்து ஒரு சாண் பருமன் இருந்தது, வீணைக்கு நேர்ந்த கதியே அதற்கும் நேரும் என்று விட்டேன். அடுத்துக் கடிதங்களைக் குத்தி வைக்கும் கம்பி. இருபது ஆண்டுகளாக யாரும் அதில் புதிதாக எதையும் குத்தவில்லை. கடைசியில் பஞ்சாங்கத்தைத் தேர்ந்தேன். மூலையில் துளையிட்டுச் சணல் கோத்து, கூடத்துச் சுவரில் ஆணியில் தொங்கும் பஞ்சாங்கம் எங்கள் வீட்டில் எப்போதும் உண்டு.

சட்டமில்லாத மெல்லிய பலகை. பலகை முழுவதும் எங்கள் சுவரின் சுண்ணாம்பு வண்ணம். நடுவில், உண்மை அளவில், பஞ்சாங்கமும் ஆணியும். அட்டையின் கீழ் வலது முனை சுருண்டிருப்பதைக் காட்ட, நிழலை முனையை நோக்கிப் போகப்போக அகலமாகவும் மங்கலாகவும் ஆக்கினேன். துளையைச் சுற்றிச் சணல் உரசிக் கறுத்த வட்டம், ஓரத்தில் மஞ்சள் கை பட்ட தடம் ஆகியவற்றை மட்டும் நின்று எழுதினேன். அட்டையின் சிறு எழுத்துகளை ஹார்னெட்டைப் போலத் தீற்றிவிட்டேன். பளபளப்பு காட்டிக்கொடுக்கும் என்பதால் வார்னிஷ் பூசவில்லை. உண்மைப் பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் பலகையை மாட்டினேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, அமாவாசை என்றைக்கு என்று கேட்டுக்கொண்டே வந்த அத்தை, பதிலுக்குக் காத்திராமல் நேரே போய்ச் சணலைப் பிடித்தார். பிறகு என்னை நெடுநேரம் பேசினார், அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஆனால் ஒரு சிக்கல். கிழக்குச் சன்னல் வெளிச்சத்தில் வரைந்ததால் நிழல் எல்லாம் வலப்பக்கம் விழுகிறது. காலையில் சரியாக இருக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்குக் கொல்லைப்பக்க வெளிச்சம் வலமிருந்து வரும்போது, சுவரில் மற்ற எல்லாப் பொருள்களின் நிழலும் இடப்பக்கம் விழ, பஞ்சாங்கத்தின் நிழல் மட்டும் எதிர்த்திசையில் நிற்கிறது. அந்நேரத்தில் வருகிற பால்காரர் நின்றுகூடப் பார்ப்பதில்லை. இதற்கு வழி உண்டா?

அரசலாறு:

வழி உண்டு. கூடத்தை விட்டு ரேழிக்கு மாற்றுங்கள். தெருக்கதவு ஒன்றுதான் அங்கே வெளிச்சத்துக்கு வழி. உள்கதவைச் சாத்திவிட்டால் காலை மாலை இரண்டிலும் ஒரே பக்கத்திலிருந்துதான் ஒளி வரும். தெருவாசலிலிருந்து உள்ளே வரும்போது வலப்பக்கம் இருக்கும் சுவரா, இடப்பக்கம் இருக்கும் சுவரா என்பதை மட்டும் நிழலோடு ஒத்துப்பாருங்கள். தங்கள் நிழல் வலம் விழுவதால், படத்தை நேராகப் பார்த்து நிற்பவருக்குத் தெருக்கதவு இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். அதாவது உள்ளே வருபவருக்கு இடப்புறச் சுவர்.

ரேழிச் சுவரின் வண்ணமும் கூடத்துச் சுவரின் வண்ணமும் ஒன்றாக இராது. ஆகவே பலகையின் ஓரம் நான்கு விரற்கடையை மறுபடி பூச வேண்டியிருக்கும். பஞ்சாங்கத்தைத் தொட வேண்டாம்.

குடமுருட்டிக்கரை:

மாற்றிவிட்டேன் ஐயா. இடப்புறச் சுவர்தான். ரேழியில் பஞ்சாங்கம் தொங்குவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை என்பதால், காரைக்கால் நண்பர் சொன்னதை எண்ணி, உண்மைப் பஞ்சாங்கத்தையும் ஒரு வாரமாக அங்கேயே பக்கத்து ஆணியில் தொங்கவிட்டுப் பழக்கி வருகிறேன். அத்தை இப்போது இரண்டையுமே தொடுவதில்லை. அமாவாசையைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறார்.